கலர் மாரியின் மன்னிப்பு

மதுரை பெரியாஸ்பத்திரியில், தலைக்காய வார்டுக்கு வெளியே பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்த சனங்கள் பாண்டிமீனாவைச் சுற்றி மட்டும் ஒரு ஆள் உட்காரும் இடத்தை விட்டிருந்தார்கள். நாற்றம் அவள் மடியில் இருந்த பையிலிருந்து வந்தது. ஆப்பரேசனுக்கு உள்ளே கொண்டுபோகும்போது மாரிக்கண்ணன் உடம்பிலிருந்து கத்தரியால் வெட்டி எடுத்த சட்டையை நர்ஸ் சுருட்டி அவள் கையில் கொடுத்திருந்தாள். பிராந்தி வாடை. பையின் வாயை இரண்டு முடிச்சுப் போட்டும் அடங்குகிற வழியைக் காணோம்.

திருமங்கலத்துக்காரம்மா ஒருத்தி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "வீட்டுக்காரரா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க."

"குடிச்சிட்டு வண்டிய விட்டாராக்கும்?"

"இல்ல... மாடியில இருந்து விளுந்துட்டாக."

"பாவி மனுசன். நல்லா இருக்கையில குடிச்சு நம்ம உசுர வாங்குவாக, விளுந்து கெடந்தும் நம்ம உசுரத்தான் வாங்குவாக." அந்தம்மா பாதி பன்னைப் பிய்த்து நீட்டினாள். "தின்னு தாயி. நீ என்ன செய்வ, உன் மேல என்ன தப்பு இருக்கு?"

பாண்டிமீனா பன்னை வாங்கிக்கொண்டாள். தின்ன முடியவில்லை. யாராவது நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

மாரிக்கண்ணன் குடிக்கிறவன் இல்லை. அவன் அப்பன் குடித்துக் குடித்தே ஈரல் கெட்டுச் செத்தவர். காரியம் முடிந்த கையோடு இருக்கன்குடிக்குப் போய், மாரியாத்தா முன்னால் நின்று, இந்தச் சனியனைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்து மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்தவன். கயிறு நைந்தால் ஆடி வெள்ளிக்குப் போய்ப் புதுசு கட்டுவான். கை வெறுங்கையாக இருந்ததில்லை. லோடு ஏற்றி முடித்து மற்ற ஆட்கள் ஒயின்ஷாப்பைப் பார்த்து நடந்தால், இவன் பெட்டிக்கடையில் ஒரு ஆரஞ்சு கலர் சோடாவை உடைத்துக் குடித்துவிட்டு வீட்டுக்கு வருவான். நாரணாபுரத்து லோடுமேன்களுக்கெல்லாம் அவன் 'கலர் மாரி'தான். கேலி பண்ணினால் கோபப்பட மாட்டான். "கலர்தாம்ல குடிக்கேன், உங்கள மாதிரி களவாணித்தனமாவா குடிக்கேன்?" என்று அவனும் சிரிப்பான்.

அவன் விழுந்த ஞாயிற்றுக்கிழமை பட்டாசுக் கம்பெனிக்குச் சீல் வைத்திருந்தது. அனுமதிக்கு மேல் பட்டாசு அடைத்து வைத்திருந்ததாக அதிகாரிகள் வந்து கேட்டைப் பூட்டி அரக்கு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பின்பக்கம் வேலியை ஒட்டிய தகரக் கொட்டகையில் கிடந்த பெட்டிகள் மட்டும் அவர்கள் கண்ணில் படவில்லை. அடுத்த சோதனைக்குள் அதைக் கிளப்பிவிட வேண்டும். போர்மேன் ஆண்டிச்சாமி நம்பிக்கையான ஆட்களாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டுபோய், ஓடைப்பாதையில் லாரியை நிறுத்தி, வேலியைப் பிரித்து லோடு ஏற்றினார். மாரிக்கண்ணன் உச்சியில் நின்று தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டினான். கயிறு கொக்கியை விட்டுத் தெறித்தது. மல்லாக்க விழுந்தான். கீழே ஓடைக்கல்.

ஆண்டிச்சாமி பாண்டிமீனாவுக்குச் சித்தப்பா முறை. அவளுக்கும் அவனுக்கும் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அவர் போனில் கூப்பிட்டதும் விழுந்தடித்து ஓடினாள். மாரிக்கண்ணன் லாரிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ரத்தம் இல்லை. இடது காதுக்கு மேலே ஒரு புடைப்பு, அம்புட்டுதான். "ஒண்ணுமில்ல புள்ள. தலைதான் கிறுகிறுங்குது" என்றான். ஆண்டிச்சாமி கையில் ஒரு குவாட்டர் பிராந்தி பாட்டில் இருந்தது. அதை அவன் சட்டையில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"நாறுது புள்ள. தொடச்சு விடு" என்றான் மாரிக்கண்ணன். அவள் தோளில் துண்டு இருந்தது.

ஆண்டிச்சாமி அவளைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார். "தாயி, நான் சொல்றதக் கேளு. சீல் வச்ச கம்பெனியில லோடு ஏத்துனோம்னு வெளிய தெரிஞ்சா லைசென்ஸ் மொத்தமாப் போயிரும். நம்ம தெருவுல எத்தன வீட்டுல அடுப்பெரியுதுன்னு உனக்குத் தெரியாதா? வீட்டு மாடியில இருந்து விளுந்தான்னு சொல்லு. குடிச்சிருந்தான்னு சொல்லு. குடிச்சவன் விளுந்தான்னா எவனும் ஒரு கேள்வி கேக்க மாட்டான். செலவெல்லாம் மொதலாளி பாத்துக்கிடுவாரு. சின்ன அடிதான், நாளைக்கே எந்திரிச்சு நடப்பான்."

"அவுக குடிக்க மாட்டாகளே சித்தப்பா."

"அது ஊருக்குத் தெரியும். டாக்டருக்கா தெரியும்?"

அவள் துண்டை எடுக்கவில்லை. கம்பெனி வேனில் தன்னோடு வரும் பொம்பளைகள் ஒவ்வொருத்தியின் முகமும் அந்த நேரம் கண்ணுக்குள் வந்து நின்றது. தன் வேலையும் வந்து நின்றது, பொய் சொல்வானேன்.

சிவகாசியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டியூட்டி டாக்டர் கிட்டே வந்ததும் முகத்தைச் சுளித்தார். "தண்ணி போடுவாரா?" என்றார். பாண்டிமீனா, "ஆமா" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு நாக்கு எப்படித்தான் புரண்டதோ. "இன்னைக்கு எம்புட்டுக் குடிச்சாரு?" என்று கேட்டதற்கு ஆண்டிச்சாமி முந்திக்கொண்டு, "ஆப் பாட்டில் இருக்கும் சார்" என்றார். மாரிக்கண்ணன் கண் சொருகிக்கொண்டு வந்தது. "போதைதாம்மா. தெளியட்டும், பெறகு பாப்போம்" என்று டாக்டர் ஒரு குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவன் குறட்டை விட ஆரம்பித்தான். இத்தனை வருசத்தில் அப்படி ஒரு குறட்டையை அவள் கேட்டதில்லை. இது போதை இல்லை என்று அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். நர்ஸ் வரும்போதெல்லாம் வாய் வரைக்கும் வந்தது. வாசலில் ஆண்டிச்சாமி நின்றார். பொழுது சாய்ந்து, அவன் குபுக்கென்று வாந்தி எடுத்து, வலது கை விறைத்து முறுக்கிக்கொண்ட பிறகுதான் டாக்டர் ஓடிவந்து கண்ணைப் பிரித்து லைட் அடித்துப் பார்த்தார். ஒரு கண்ணில் மட்டும் பாப்பா பெரிசாகி நின்றிருந்தது. அடுத்த பேச்சு 108 ஆம்புலன்ஸ், மதுரை.

இப்போது வார்டுக் கதவைத் திறந்துகொண்டு பச்சை உடுப்பில் ஒரு டாக்டர் வெளியே வந்தார். சின்ன வயசுதான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மாரிக்கண்ணன் பேரைச் சொன்னதும் பாண்டிமீனா பையோடு எழுந்து ஓடினாள்.

"ரத்தம் கட்டி மூளையை அழுத்திருச்சும்மா. கட்டியை எடுத்துட்டோம். ஆனா மூளை ரொம்ப வீங்கியிருக்கு, உள்ள அதுக்கு இடம் பத்தல. அதனால இடது பக்க மண்டை எலும்பை இவ்வளவுக்கு எடுத்து வச்சிருக்கோம்." உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

"எடுத்து... எங்கன வச்சிருக்கீக?"

"அவர் வயித்துலயே. தோலுக்கு அடியில வச்சுத் தச்சிருக்கு. அங்க இருந்தாக் கெடாது. வீக்கமெல்லாம் வடிஞ்சு உடம்பு தேறுனதும் திரும்ப எடுத்து மண்டையில வைப்போம். அதுவரை அந்தப் பக்கம் ஒரு அடி படக் கூடாது." அப்புறம் அவர் குரல் மாறியது. "மத்தியானம் விழுந்த ஆளை ராத்திரி கொண்டுவந்திருக்கீங்க. அதுவரைக்கும் என்னம்மா பண்ணீங்க? சீக்கிரம் வந்திருந்தா, கைக்கும் பேச்சுக்கும் இவ்வளவு ஆபத்து வந்திருக்காது."

பாண்டிமீனா தரையைப் பார்த்தாள். "போதைன்னு நெனச்சோம் சார்" என்றாள். போலீஸ்காரர் வந்து எழுதிக்கொண்டு போனபோதும் அதையேதான் சொன்னாள். மூன்றாவது ஆளிடம் சொல்லும்போது தட்டுத் தடங்கல் இல்லாமல் வந்தது. அது அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

மாரிக்கண்ணனுக்குத் தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய், மூக்கில் ஒரு குழாய், கீழே ஒரு குழாய். தலைக்கட்டின் மேல் மையால், இடது பக்கம் எலும்பு இல்லை என்று எழுதியிருந்தார்கள். நர்ஸுகள் அவளுக்குச் சளி உறிஞ்சக் கற்றுக்கொடுத்தார்கள், புரட்டிப் போடக் கற்றுக்கொடுத்தார்கள். முதுகில் புண் வராமல் அவனைப் பார்த்துக்கொண்டாள். அவன் முக்கினால் தலையின் இடது பக்கம் லேசாகப் பொங்கி அடங்கும். முதல் நாள் பார்த்தபோது வெளியே ஓடிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு பழகிவிட்டது. வயிற்றில், தொப்புளுக்குப் பக்கத்தில், தோலுக்கு அடியில் எலும்பு மேடாகத் தெரிந்தது. துடைத்து விடும்போது அந்த இடத்தில் மட்டும் அவள் கை மெதுவாகப் போகும்.

அவன் கண்ணைத் திறந்து, ஆளை அடையாளம் கண்டு, குழாயை எடுத்த பிறகு முதல் முதலாக வாயைத் திறந்து கேட்டது, "என்ன... ஆச்சு?" என்பதுதான். அதைக் கேட்கவே பாவிமனுசன் எம்புட்டு மல்லுக்கட்டினான். அன்றைக்கென்று பார்த்து ஆண்டிச்சாமி ஆரஞ்சுப்பழத்தோடு கட்டில் பக்கத்தில் நின்றார்.

"நல்லாக் கேட்ட போ. தண்ணியப் போட்டுட்டு மாடியில இருந்து விளுந்துட்டயே மாப்ள" என்றார்.

மாரிக்கண்ணன் அவரைப் பார்த்தான். பிறகு பாண்டிமீனாவைப் பார்த்தான். அவள் இல்லை என்று சொல்வாள் என்றுதான் பார்த்தான். அவள் ஆரஞ்சை உரித்தாள். அவன் இடது கையால் வலது மணிக்கட்டைத் தடவித் தேடினான். மஞ்சள் கயிற்றை ஆப்பரேசன் அன்றைக்கே வெட்டி எடுத்துவிட்டார்கள். வெறுங்கையைப் பிடித்துக்கொண்டு அவன் அழுதான். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு போனது.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அவனுக்கு எதுவும் மனசில் தங்கவில்லை. விடிந்தால் எல்லாம் அழிந்துபோகும். மறுபடியும் "என்ன ஆச்சு?" என்பான். சித்தப்பா சொன்னது ஒரு தடவை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவள்தான் சொன்னாள். ஒவ்வொரு நாளும் அவன் அப்போதுதான் கேட்பவன்போலக் கையைத் தடவிப் பார்த்து அழுதான். மாற்றிச் சொல்ல அவளுக்குத் தினமும் ஒரு வாய்ப்பு கிடைத்தது. கம்பெனி அப்போதும் பூட்டித்தான் கிடந்தது. இன்றைக்கு வேண்டாம், லைசென்ஸ் வரட்டும் என்று தள்ளினாள். அவளுடைய நல்ல நேரமோ கெட்ட நேரமோ, ஒரு நாள் காலையில் அவன் கேட்கவில்லை. பொய் மனசில் தங்கிவிட்டது.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். தலையின் இடது பக்கம் நெளிந்த சட்டிபோலக் குழிந்திருந்தது. தெருவில் ஆட்கள் வந்து பார்த்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேருக்கு உண்மை தெரியும். மீதிப் பேரும் ஊகித்திருப்பார்கள். ஆனால் எல்லோரும் ஒன்றுபோல, "இனிமே அந்தக் கருமத்தத் தொடாதண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவன் ஒவ்வொருத்தருக்கும் தலையை ஆட்டினான்.

கம்பெனியின் பூட்டைத் திறந்துவிட்டார்கள். சீசன் நேரம். பாண்டிமீனா மறுபடி வேனேறினாள். கேட்டுக்குள் நுழைந்து திரி செருகும் ஷெட்டில் உட்கார்ந்தால் பொழுது போவது தெரியாது. மொதலாளி சொன்ன வாக்கைக் காப்பாற்றத்தான் செய்தார். மருந்துக்கும் மாத்திரைக்கும் குறை வைக்கவில்லை. வேலை இருந்தது, சோறு இருந்தது. லைசென்ஸும் வந்துவிட்டது, இனித் தள்ளிப்போட ஒரு சாக்கும் இல்லை. அப்படியும் வாய் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து திரி செருகும் பொன்னுத்தங்கத்தின் புருசனும் அன்றைக்கு அதே லாரியில் லோடு ஏற்றியவன்தான். இரண்டு பேரும் பிள்ளைகள், ரேசன், குழாய்த் தண்ணீர் என்று எல்லாம் பேசினார்கள். அதை மட்டும் பேசவில்லை.

ஆறாவது படிக்கும் மகள் பிரீத்திகா ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக் கழற்றாமல் நின்றாள். "அம்மா, அப்பா கலர்தான குடிப்பாரு?"

"அதுக்கென்ன இப்ப?"

"எங்க கிளாஸ்ல குடிகாரன் மகன்னு சொல்றாங்க."

"சொன்னாச் சொல்லிட்டுப் போறாக. வாய மூடிட்டுப் படிக்கிற வேலையப் பாரு."

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை கேட்கவில்லை. அப்பன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதையும் விட்டுவிட்டது. தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடும். மாரிக்கண்ணனுக்கு அது புரிந்தது.

தீபாவளிக்கு முன்னால் மதுரையில் வயிற்றிலிருந்து எலும்பை எடுத்து மண்டையில் வைத்துத் தைத்தார்கள். தலை பழையபடி உருண்டையானது. நடை வந்தது, காலை இழுத்து இழுத்து. கைதான் மடங்கியே இருந்தது. பேச்சு துண்டு துண்டாக வந்தது. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், "ஒரே ஒரு வரியைத் தினமும் சொல்ல வைங்கக்கா. அவருக்கு யார்கிட்டயாவது சொல்லணும்னு ஆசை இருக்குற வரியா இருக்கட்டும். அப்பத்தான் வரும்" என்றாள். அவனிடமே கேட்டார்கள். வெகுநேரம் யோசித்து, சைகையும் சொல்லுமாக அவன் எடுத்துக் கொடுத்ததைக் கேட்டு அந்தப் பெண் மனம் குளிர்ந்துபோனாள். பாண்டிமீனா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

'மொதலாளி, குடிச்சிட்டு விளுந்தது என் தப்பு. என்னைய மன்னிச்சிருங்க.'

வேலை விட்டு வந்ததும் அவனை எதிரில் உட்கார வைத்து அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். 'மொதலாளி' வந்துவிடும். 'தப்பு' வந்துவிடும். இடையில் 'குடிச்சிட்டு' மட்டும் வராது. உதட்டைக் குவித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, அதிலேயே நிற்பான். பிறக்காத சொல்லை அவன் வாயிலிருந்து பிடுங்குவதுபோல அவள், "கு... குடிச்சிட்டு. சொல்லுங்க மாமா, குடிச்சிட்டு" என்பாள். அவன் நாக்குக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள். பிரீத்திகா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும். தீபாவளி முடிகிற சமயம் அந்தச் சொல்லும் வந்துவிட்டது.

தீபாவளிக்குப் பிறகு கம்பெனியை அடைத்துப்போட்டு, மறுபடி திறக்கும்போது பூஜை போடுவது சிவகாசிப் பக்கம் எல்லாக் கம்பெனிக்கும் வழக்கம். பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆண்டிச்சாமி வந்தார். "நாளைக்கு மாப்ளயக் கூட்டிட்டு வா தாயி. மொதலாளி பாக்கணும்னாரு" என்றார். மாரிக்கண்ணன் முகம் மலர்ந்தது. அவர் போனதும் வெள்ளை வேட்டியை எடுத்து வைக்கச் சொன்னான். பிரீத்திகாவைப் பார்த்து, "நீயும்... வா" என்றான்.

"நான் வரல. எனக்கு அசிங்கமா இருக்கு" என்றது பிள்ளை.

அவன் தலை குனிந்துகொண்டான். ஊர் முழுக்கத் தலை குனிந்தாயிற்று, இப்போது பெற்ற பிள்ளைக்கு முன்னாலும். பாண்டிமீனா எழுந்தாள். கதவைச் சாத்திவிட்டு அவன் முன்னால் உட்கார்ந்தாள்.

"மாமா, நீங்க குடிக்கல. ஒரு சொட்டுக் குடிக்கல. மாடியில இருந்தும் விளுகல. கம்பெனிக்குப் பின்னாடி ஓடைக்குள்ள, லாரி மேல இருந்து விளுந்தீக. கயிறு தெறிச்சிருச்சு. சீல் வச்ச கம்பெனில லோடு ஏத்துனது தெரியக் கூடாதுன்னு சித்தப்பாதான் உங்க சட்டையில பிராந்திய ஊத்துனாரு. நான் பாத்துக்கிட்டு நின்னேன். டாக்டர்கிட்ட நாந்தான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யாலதான் உங்களுக்கு வைத்தியம் பாக்காமப் போட்டு வச்சிருந்தாக. உங்க கை போனது என்னால மாமா."

சொல்லி முடித்தாள். அடிப்பான் என்று எதிர்பார்த்தாள். அடித்தால் நல்லது என்றுகூட இருந்தது.

மாரிக்கண்ணன் கோணல் வாயால் சிரித்தான். இடது கையால் அவள் கன்னத்தைத் தொட்டான். "எனக்காக... பொய்... சொல்ற" என்றான். "புள்ள... மதிக்கணும்னு."

"ஐயோ, இதுதான் மாமா நெசம்! சத்தியமா நெசம்!"

"நீ... நல்லவ."

அவள் எழுந்து ஓடினாள். இரண்டு வீடு தள்ளி இருந்த பொன்னுத்தங்கத்தைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து அவன் முன்னால் நிறுத்தினாள். "சொல்லுக்கா. உங்க வீட்டு அண்ணனும் அன்னைக்கு லாரியிலதான நின்னாக? இவுக எங்கன விளுந்தாக? சொல்லு."

பொன்னுத்தங்கத்துக்கு வேர்த்துவிட்டது. மாரிக்கண்ணனைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். "எனக்கு என்ன தெரியும் மீனா? நாளைக்குத்தான் கம்பெனியே தெறக்குது. இப்பப் போயி..." என்று இழுத்தாள். "அண்ணே, நடந்தது நடந்துபோச்சு. நீங்க மனசப் போட்டு ஒளப்பாதீக." கையை உருவிக்கொண்டு போய்விட்டாள்.

"பாத்தியா" என்றான் மாரிக்கண்ணன், சமாதானம் சொல்வதுபோல.

அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு பிரீத்திகா நின்றது. அது நம்பிவிட்டது. அதன் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. "அப்ப, அன்னைக்கு நான் கேட்டப்ப நீ பொய்தான் சொன்னியா?" என்று கேட்டது. பாண்டிமீனா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பிள்ளை தன் தட்டை எடுத்துவந்து அப்பன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தது. அம்மா பக்கம் அது திரும்பவே இல்லை.

மறுநாள் கம்பெனியில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். ஆபீஸ் வாசலில் சாமி படத்துக்கு மாலை. பொரியும் சுண்டலும் அண்டாவில் இருந்தன. பொம்பளைகள் ஒரு பக்கமும் ஆம்பளைகள் ஒரு பக்கமுமாக நின்றார்கள். மொதலாளி பட்டு வேட்டி கட்டியிருந்தார். சூடம் காட்டி முடிந்ததும் மாரிக்கண்ணன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு, காலை இழுத்து இழுத்து அவர் முன்னால் போய் நின்றான். பாண்டிமீனா பின்னாலேயே போனாள். நாக்கு 'குடிச்சிட்டு'வில் சிக்கட்டும், சிக்கி அங்கேயே நிற்கட்டும் என்று இருக்கன்குடி ஆத்தாளை வேண்டிக்கொண்டே போனாள்.

மடங்கிய வலது கையை இடது கையால் தூக்கிச் சேர்த்து அவன் கும்பிட்டான்.

"மொதலாளி, குடிச்சிட்டு விளுந்தது என் தப்பு. என்னைய மன்னிச்சிருங்க."

எங்கும் நிற்கவில்லை. விழுந்த நாளிலிருந்து அவன் வாயிலிருந்து தடங்கலில்லாமல் வந்த முதல் பேச்சு அதுதான். மொதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "தப்ப ஒத்துக்கிடுற மனசு எத்தன பேருக்கு வரும்?" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "மன்னிச்சிட்டேன்யா. நீ நல்லா இரு." ஆண்டிச்சாமி கைதட்டினார். லோடுமேன்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு கைதட்டினார்கள். பொம்பளைகளும் தட்டினார்கள். பொன்னுத்தங்கமும் தட்டினாள்.

மொதலாளி ஆண்டிச்சாமியைக் கூப்பிட்டார். "இவனச் சும்மா வீட்டுல போட்டு வைக்காதீக. நாளையில இருந்து கேட்ல ஒரு சேரப் போட்டு ஒக்கார வைங்க. வேலைக்கு வர்றவுககிட்ட இப்பச் சொன்னத அப்படியே சொல்லட்டும். போர்டு எளுதி வச்சா எவன் படிக்கிறான்? ஆளப் பாத்தாப் புத்தி வரும்."

அடுத்த நாள் காலை கம்பெனி வேன் வந்து நின்றபோது, கேட்டுக்கு உள்ளே மாரிக்கண்ணன் புதுக் காக்கிச் சட்டையில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தான். விடியக் கருக்கலிலேயே ஆண்டிச்சாமி வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார். தலையில் முடி முளைக்காத தையல் தழும்பு வெயிலில் மினுங்கியது. உள்ளே போகிற ஆம்பளைகள் ஒவ்வொருத்தரையும் நிறுத்தி, "குடிச்சிட்டு விளுந்தது என் தப்பு. நீ குடிக்காத" என்று சொல்லி இடது உள்ளங்கையை நீட்டினான். "சத்தியம்... பண்ணு." அன்றைக்கு லாரியில் நின்ற ஆட்கள் குனிந்த தலை நிமிராமல் அந்தக் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு உள்ளே போனார்கள்.

பொம்பளைகள் வரிசை வந்தது. பாண்டிமீனா பொன்னுத்தங்கத்தின் முதுகுக்குப் பின்னால் மறைந்துகொண்டு வந்தாள். அவன் பார்த்துவிட்டான். சேரிலிருந்து எழுந்து அவள் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் காட்டினான்.

"என் வீட்டுக்காரி" என்றான். முகமெல்லாம் பூரிப்பு. "என்னைய... மன்னிச்சவ."

சங்கு ஊதியது. பொம்பளைகள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு அவளைக் கடந்து ஷெட்டுகளைப் பார்த்து நடந்தார்கள். அவன் கையை விட்டதும் அவளும் நடந்தாள். அடுத்த வேன் வந்து நின்றது. ஆட்கள் இறங்குவதற்குள் மாரிக்கண்ணன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, சொல்ல வேண்டியதை முதலிலிருந்து ஆரம்பித்தான்.